காய் இல்லாத நேரத்தில் ஆப்பிள் எது, பேரி எது? குலு முதல் கோட்கட் வரை

ஏப்ரல் 7, பந்த்ரோல்

ஹிமாசலப் பிரதேசத்தில் குலுவிலிருந்து மணாலி போகும் சாலையில், பியாஸ் ஆற்றின் வலது கரையில் இருக்கிறது பந்த்ரோல். 1870ல் கேப்டன் ஆர். சி. லீ என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இங்கேதான் ஆப்பிள் தோட்டம் போட்டார். குலு பள்ளத்தாக்கின் ஆப்பிள் கதை இந்த ஊரிலிருந்து தொடங்குகிறது. அதனால் எங்கள் பயணத்தையும் இங்கேயே தொடங்கலாம் என்று அக்கா சொன்னாள். அக்கா தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, கை லென்ஸ் இருக்கும்.

பழம் பார்க்க வருகிறவர்கள் ஆகஸ்டில் வருவார்கள். நாங்கள் வேண்டுமென்றே ஏப்ரலில் வந்திருக்கிறோம். காய் தொங்கும்போது இது ஆப்பிள், அது பேரி என்று குழந்தையும் சொல்லிவிடும். காய் இல்லாத மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் எனக்கு வேண்டியது. இந்த இரண்டு மரங்களும் ரோஜா குடும்பம். இரண்டுக்கும் ஐந்து இதழ் பூ, பல் வைத்த இலை, செல்லுக்கு 34 குரோமோசோம். செடிகளை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸே 1753ல் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் (genus) வைத்தார். அடுத்த வருடம் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் ஆப்பிளைத் தனியே பிரித்தார். அவ்வளவு நெருக்கமான சொந்தம்.

சாலையோரத் தோட்டம் ஒன்றில் பெரியவர் ஒருவர் மருந்து டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார். "உள்ளே வரலாமா அங்கிள்ஜி?" என்றதும், "வாங்க பெஹன்ஜி, கிளையை மட்டும் ஒடிக்காதீங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வரிசை வரிசையாக ஆப்பிள் மரங்கள், முழுப் பூ. வேலியோரம் நான்கைந்து பேரி மரங்கள். அவற்றில் பாதிப் பூ உதிர்ந்து இலை வந்துவிட்டது. ஒரே மண், ஒரே உயரம், ஆனாலும் பேரி முந்திக்கொள்கிறது. பொதுவாக ஒரு வாரம் போல முன்னதாகவே பூத்துவிடும்.

தூரத்திலிருந்து பார்த்தாலே நிறத்தில் வித்தியாசம் தெரிகிறது. ஆப்பிள் மொட்டு நல்ல ரோஸ் நிறம். விரிந்த பிறகு உள்பக்கம் வெள்ளையாகி, இதழின் முதுகில் மட்டும் ரோஸ் தங்கியிருக்கும். பேரி மொட்டிலேயே வெள்ளை, விரிந்தாலும் சுத்த வெள்ளை. ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. இமயமலையில் காடாக வளரும் சின்னக் காய் ஆப்பிள் இனம் ஒன்று உண்டு. அதன் பூவும் வெள்ளைதான்.

நம்பக்கூடிய அடையாளம் பூவின் நடுவில் இருக்கிறது. அக்கா ஒரு பேரிப் பூங்கொத்தைத் தாழ்த்திப் பிடித்து லென்ஸை என் கையில் கொடுத்தாள். "நடுவுல பாரு தம்பி, மகரந்தப்பை என்ன கலர்?" வெள்ளை இதழ்களுக்கு நடுவே இருபதுக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் கருஞ்சிவப்பில் ஒரு பொட்டு, திராட்சை ரசத்தின் நிறம். சில பைகள் ஏற்கெனவே வெடித்து, சுருங்கிக் கறுத்திருந்தன. பக்கத்து ஆப்பிள் மரத்தில் அதே இடத்தில் வெளிர் மஞ்சள். இதைப் பார்க்க லென்ஸ்கூட வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலே போதும். இந்தப் பயணத்தில் வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கும்: மஞ்சள் என்றால் ஆப்பிள், கருஞ்சிவப்பு என்றால் பேரி.

அப்புறம் வாசனை. ஆப்பிள் பூவில் லேசான இனிய மணம். பேரிப் பூவில் மீன் வாடை. ட்ரைமீத்தைல் அமீன் என்ற பொருள்தான் காரணம். மீன் கெடும்போது வரும் வாடைக்கும் அதுவேதான் காரணம். இவ்வளவு அழகான பூவில் இந்த வாடையா என்று முதலில் மனசு ஏற்கவில்லை. மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றதும் சந்தேகம் போய்விட்டது.

ஏப்ரல் 8, நக்கர்

ஆற்றைத் தாண்டி இடது கரையில் மேலே ஏறினால் நக்கர். பழைய ராஜாக்களின் கோட்டையும் ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் வாழ்ந்த வீடும் இங்கே இருக்கின்றன. இரண்டையும் பார்த்தோம், அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் பொழுது கீழேயிருந்த தோட்டங்களில்தான் போனது.

பந்த்ரோலைவிட இங்கே உயரம் அதிகம், குளிரும் அதிகம். ஆப்பிள் இப்போதுதான் விரியத் தொடங்குகிறது. தோட்டக்காரர்கள் 'பிங்க் பட்' என்று சொல்லி மருந்தடிக்கும் நாளைக் கணக்கிடும் கட்டம். நாங்கள் தேடிவந்ததும் இந்தக் கட்டத்தைத்தான். ஒரு கொத்தில் எந்தப் பூ முதலில் விரிகிறது என்பதை இப்போதுதான் பார்க்க முடியும். ஆப்பிள் கொத்தில் ஐந்தாறு மொட்டுகள். நடுவில் இருப்பது கொஞ்சம் பெரிது, அதுதான் முதலில் விரியும். அதை ராஜா பூ என்கிறார்கள். அந்தக் கொத்தின் பெரிய பழம் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். பேரியில் இது தலைகீழ்: ஓரத்துப் பூக்கள் முதலில் விரியும், நடுவில் இருப்பது கடைசி. ஒரு மரத்தில் பத்துக் கொத்தைப் பார்த்தால் போதும், சந்தேகம் இருக்காது.

தோட்டம் முழுக்க மரப்பெட்டிகளில் தேனீ. பூக்கும் பருவத்தில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வைப்பது இந்த மாநிலத்தில் வழக்கமாகிவிட்டது. ராயல் டெலிசியஸ் மாதிரி ரகங்கள் தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காது. பக்கத்தில் கோல்டன் மாதிரி வேறொரு ரகம் வேண்டும், அங்கிருந்து இங்கே மகரந்தம் கொண்டுவரத் தேனீயும் வேண்டும். வேறு ரக மரம் போதாத தோட்டங்களில், அந்த ரகத்தின் பூங்கிளையை வெட்டித் தண்ணீர்ப் பையில் செருகி மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஒரு மரத்தில் இரண்டு நிறப் பூ தெரிந்தால் காரணம் இதுதான். அடையாளம் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரி மரத்தில் தேனீ குறைவு. அங்கே ஒன்று வந்து உட்கார்ந்து, எழுந்து, ஆப்பிள் பக்கம் போய்விடுகிறது. பேரிப் பூவின் தேனில் சர்க்கரை மிகவும் குறைவு. பக்கத்தில் வேறு பூ இருந்தால் தேனீ அதற்குத்தான் போகும். பேரித் தோட்டக்காரர்களுக்கு இது உண்மையான கஷ்டம்.

ஏப்ரல் 9, நக்கர்

காலையிலிருந்து மழை. தோட்டத்துக்குள் போக வழியில்லை. உதிர்ந்து கிடந்த பூக்களையும் இலைகளையும் பொறுக்கி வந்து அறையில் மேசைமேல் பரப்பினோம்.

ஆப்பிள் பூ ஒன்றின் இதழ்களையும் மகரந்த இழைகளையும் அக்கா ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். நடுவில் ஐந்து சூல்தண்டுகள் மிஞ்சின. மேலே ஐந்தாகப் பிரிந்திருக்கின்றன, கீழே வர வர ஒன்றாக ஒட்டிப்போய் ஒரே தண்டாகிவிடுகின்றன. ஒட்டிய இடத்தில் வெள்ளை ரோமம். பேரிப் பூவில் அதே ஐந்தும் அடிவரை தனித்தனி. ஊசியை ஐந்துக்கும் இடையே விட்டு எடுக்க முடிகிறது. தாவரவியல் நூல்களில் ஆப்பிள் இனத்தையும் பேரி இனத்தையும் பிரிக்கும் முக்கியமான வேறுபாடு இது. மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

இலைகளுக்கு வருவோம். ஆப்பிள் இலை மேலே மங்கல் பச்சை. திருப்பினால் அடியில் சாம்பல் நிறம். விரலால் தடவினால் மெல்லிய பஞ்சு. பேரி இலை இரு பக்கமும் வழவழப்பு, மேல்பக்கம் பளபளக்கும், கொஞ்சம் தடிப்பு. பேரித் தளிரிலும் முதல் சில நாள் ரோமம் இருக்கும், அதனால் நன்றாக விரிந்த இலையைத்தான் பார்க்க வேண்டும். காம்பு பேரியில் நீளம், மெல்லிசு, சில இலைகளில் இலை அளவுக்கே நீளம். காற்று கொஞ்சம் வீசினாலும் பேரி இலைகள் நடுங்குவது இதனால்தான்.

பந்த்ரோலில் எடுத்த பேரி இலை ஒன்று என் குறிப்பேட்டில் இருந்தது. காய்ந்து கறுத்துவிட்டது. கூடவே வைத்த ஆப்பிள் இலை பழுப்பாக மாறியதோடு சரி. பேரியில் ஆர்புட்டின் என்ற பொருள் இருக்கிறது. இலை வாடும்போது அது சிதைந்து காற்றோடு சேர்ந்து கறுக்கிறது. ஆப்பிளில் அந்த இடத்தில் இருப்பது ஃப்ளோரிட்சின். ஆப்பிள் சாற்றில் பேரிச் சாறு கலந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதும் இந்த இரண்டு பொருள்களைத் தேடித்தான்.

ஃப்ளோரிட்சின் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 1835ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இதைக் கொடுத்தால் சர்க்கரை சிறுநீரில் வெளியேறுகிறது என்று பின்னால் தெரிந்தது. அந்த அமைப்பை மாற்றி மாற்றித்தான் டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மருந்துகள் வந்தன. அக்கா தினமும் காலையில் போடும் மாத்திரையும் அதில் ஒன்று. மேசைமேல் கிடந்த ஆப்பிள் இலையைக் கையில் எடுத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11, பஞ்சாரிலிருந்து ஜலோரி வழியாக

ஔட் வரை வந்து, பஞ்சார் பக்கம் திரும்பி, சுமார் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜலோரி கணவாயைத் தாண்டினோம். மேலே சாலையின் இருபுறமும் பனி. இறக்கத்தில் ஆனி, அப்புறம் லூரியில் சட்லெஜ். அங்கே இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிய வெயில். முதுகுவலி தவிர இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒரு மரத்தைத் தவிர.

பஞ்சாருக்கு முன்பும் பின்பும் மலைச்சரிவில், யாரும் நடாத இடத்தில், வெள்ளையாகப் பூத்து நிற்கும் மரங்கள் தெரிந்தன. ஜீப்பை நிறுத்தச் சொன்னோம். "காயின்த்" என்றார் டிரைவர். காட்டுப் பேரி. வெள்ளை இதழ், கருஞ்சிவப்பு மகரந்தப்பை, அதே வாடை. பந்த்ரோலில் படித்த பாடம் காட்டிலும் அப்படியே செல்லுபடியாகிறது. சின்னக் கிளைகள் சில முள்ளாகவே முடிகின்றன. காய் கோலிக்குண்டு அளவுதான், பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். பறித்த உடனே வாயில் வைக்க முடியாது, துவர்க்கும். கறுத்துக் கனிந்த பிறகு சாப்பிடுவார்கள்.

இந்த மலைகளில் நல்ல பேரி ரகங்களை ஒட்டுக் கட்டுவதும் காயின்த் கன்றின் மேல்தான். தோட்டத்தில் ஒரு மரத்தின் அடியில், ஒட்டுக்குக் கீழே, முள்ளோடு ஒரு குச்சி முளைத்திருந்தால் அந்த மரம் பேரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏப்ரல் 12, தானேதார்

நார்கண்டாவிலிருந்து இறங்கினால் தானேதார், அதற்கும் கீழே கோட்கட். இந்தப் பகுதியின் வாழ்க்கையையே மாற்றியவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். ஃபிலடெல்பியாவின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1904ல் சபாத்துவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தார். அப்புறம் கோட்கட்டில் நிலம் வாங்கி, இந்த ஊர்ப் பெண்ணை மணந்து, இங்கேயே தங்கிவிட்டார். மலைவாசிகளிடம் கூலி இல்லாமல் வேலை வாங்கும் 'பேகார்' முறையை எதிர்த்துப் போராடினார். 1921ல் ஆங்கில அரசு அவரைச் சிறையில் போட்டது. 1932ல் இந்து மதத்தைத் தழுவிச் சத்யானந்த் ஆனார். 1916ல் அவர் அமெரிக்காவிலிருந்து தருவித்து நட்ட ரெட் டெலிசியஸ் கன்றுகள்தான் இன்று இங்கே பார்க்கும் கல் வீடுகளுக்கும், படித்த பிள்ளைகளுக்கும் அடித்தளம். லீயின் காலத்து ஆங்கில ரகங்கள் புளிப்பு. நம் நாக்குக்குப் பிடித்தது ஸ்டோக்ஸின் இனிப்பு ஆப்பிள். ஹிமாசல் ஆப்பிளின் உண்மையான தொடக்கம் எது என்று கேட்டால், நான் 1870 என்று சொல்ல மாட்டேன், 1916 என்றுதான் சொல்வேன்.

தானேதாருக்கு மேலே இருக்கும் தோட்டங்களில் மரங்கள் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கின்றன. இதுதான் கடினமான பரீட்சை. பூ இல்லை, இலை இல்லை. ஆலங்கட்டி மழைக்குக் கட்டும் வலைகளை ஆட்கள் விரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நின்ற பாக்வான் (பழத் தோட்டக்காரர்) ஒருவர், "மொட்டைத் தொட்டுப் பாருங்க, தெரியும்" என்றார்.

தொட்டுப் பார்த்தோம். ஆப்பிளின் மொட்டு மழுங்கலாக, சாம்பல் ரோமம் மூடி, குச்சியோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. பேரியின் மொட்டு கூர்மை. ரோமம் இல்லாமல் வழவழப்பாக, குச்சியிலிருந்து விலகி நீட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடலாம். அந்த மனிதர் அப்படித்தான் சொன்னார். வரிசையின் நடுவே நின்ற மரத்தைத் தடவி "நாஷ்பாத்தி" (பேரி) என்று சொல்லிவிட்டு, நாங்கள் லென்ஸை எடுப்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

வயதான மரமாக இருந்தால் பட்டையைப் பார்த்தால் போதும். ஆப்பிளின் பட்டை ஒழுங்கில்லாத செதில்களாக உரிந்து வரும். முதிர்ந்த பேரியின் பட்டை நெடுக்கும் குறுக்குமாக வெடித்துச் சின்னச் சின்னச் சதுரங்களாகிவிடும், முதலை முதுகு போல. உருவமும் வேறு. தானாக வளரவிட்டால் ஆப்பிள் அகன்று குடையாக விரியும், பேரி நேராக மேலே போய்க் கூம்பாக நிற்கும். ஆனால் தோட்டத்து மரங்களை வருடாவருடம் வெட்டிவிடுகிறார்கள். புதிதாகப் போடும் குட்டை மரங்களோ கம்பியில் கட்டி நிற்கின்றன. அங்கே உருவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வீட்டோரத்தில் தனியாக நிற்கும் கிழட்டு மரங்களில்தான் அது தெரியும்.

அப்படிக் கிழடாகும் பொறுமையும் பேரிக்குத்தான் அதிகம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் ஊரில் 17ஆம் நூற்றாண்டில் நட்ட எண்டிகாட் பேரி மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆப்பிள் மரத்துக்கு அவ்வளவு ஆயுள் அபூர்வம்.

பாக்வானிடம் பேரி ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். ஆப்பிளைச் சேமித்து வைத்து விலை வரும்போது விற்கலாம், பேரி அவ்வளவு காத்திருக்காது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கீழே உயரம் குறைந்த தோட்டங்களில் குளிர் போதாமல் ஆப்பிள் சரியாகப் பூப்பதில்லை, அங்கே பலர் மாதுளைக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில் நீண்ட உறக்கம் தேவை. டெலிசியஸ் ரகங்களுக்குச் சுமார் ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும் என்பது கணக்கு. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்த பிறகு, பூக்களைப் படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆப்பிள் மலை ஏறிக்கொண்டே இருக்கிறது, மலை ஓரிடத்தில் முடிந்துவிடும்.

ஏப்ரல் 14, சிம்லா

கடைசியாகப் பழம். ஏப்ரலில் மரத்தில் காய் கிடையாது, லோயர் பஜாரில் குளிர்பதனக் கிடங்கு ஆப்பிளும் வெளியூர்ப் பேரியும் கிடைத்தன. பேரியில் இரண்டு வகை வாங்கினோம்: கழுத்து குறுகிய ஐரோப்பிய வகை ஒன்று, ஆப்பிள் போலவே உருண்டையாக இருக்கும் ஆசிய வகை ஒன்று. இந்த உருண்டைப் பேரி இருப்பதால்தான் பழத்தின் வடிவத்தையும் முழுதாக நம்ப முடியாது என்கிறேன்.

அறையில் வாளித் தண்ணீரில் போட்டோம். ஆப்பிள் மிதந்தது, அதன் கனஅளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. ஐரோப்பியப் பேரி அடியில் போய் உட்கார்ந்தது. வெளிநாட்டுப் பழக்கிடங்குகளில் பேரியைத் தண்ணீர்த் தொட்டி வழியே அனுப்பும்போது, மிதப்பதற்காகத் தண்ணீரில் உப்புப் பொருள்களைக் கலப்பது வழக்கம். ஆப்பிளுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் ஒரு துண்டு உருண்டைப் பேரியை மென்று பார்த்தால் பல்லில் நறநறவென்று மணல் மாதிரி படும். அது மணல் இல்லை, கல்செல்கள். சுவர் தடித்து மரமாகிப்போன செல்கள் கூட்டம் கூட்டமாகச் சதைக்குள் இருக்கின்றன. அக்கா மெல்லிய சீவல் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். லென்ஸில் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தன, நடுப்பகுதியைச் சுற்றி நெருக்கமாக. ஆப்பிள் சீவலில் ஒன்றுகூட இல்லை. கண், மூக்கு, விரல் எல்லாம் முடிந்து இங்கே நாக்கும் பல்லும் சாட்சி சொல்கின்றன.

கொடைக்கானலில் இருப்பவர்கள், போகிறவர்கள் இதை அங்கேயே செய்து பார்க்கலாம். அங்கே வீட்டுக்கு வீடு பேரி நிற்கிறது. இலையைத் திருப்பிப் பாருங்கள், பட்டையைத் தொட்டுப் பாருங்கள், பூக்கும் காலமென்றால் நடுவில் நிறத்தைப் பாருங்கள். பழம் வாங்கும்போது ஒன்று: ஐரோப்பிய வகைப் பேரி மரத்தில் நன்றாகக் கனியாது, விட்டால் உள்ளிருந்து அழுகத் தொடங்கும். முற்றியதும் பறித்து வீட்டில்தான் கனியவைக்க வேண்டும். காம்புக்குப் பக்கத்தில் கழுத்தை விரலால் மெல்ல அழுத்தி, அங்கே இளகியிருந்தால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.